ஆமை வாகனம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் சாமிக்கு முன்னால் ஒரு கார் போனது. ஓடிக்கொண்டு போகவில்லை... ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாதஸ்வரம் வேறு வாசித்தார்கள்!

யாருடைய கார் என்று கேட்கிறீர்களா, பசங்களா? கேட்காதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

என் மச்சான் குமரன், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமை மத்தியானம் தோளில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். வாசலில் நின்ற எங்கள் சின்ன வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, உங்க காரு எப்படி நிக்குது தெரியுமா? மழைத்தண்ணியில பொடவைய தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி இருக்குது."

மூட்டையைப் பிரித்தால் நான்கு சிவப்பு ஸ்பிரிங்குகள். லோயரிங் ஸ்பிரிங் என்று பெயராம். கார் நான்கு சக்கரத்திலும் நான்கு ஸ்பிரிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, பசங்களா. அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் குட்டையாக்கினால் கார் இரண்டு அங்குலம் பதுங்கி உட்காரும். வளைவில் சாயாது. முக்கியமான விஷயம் — பார்க்க ஜோராக இருக்கும்.

எட்டாவது படிக்கிற என் மகள் யாழினி குதிக்க ஆரம்பித்தாள். "அப்பா, ப்ளீஸ்பா! கேம்ல வர்ற காரு மாதிரி ஆயிடும்பா!"

அவளுக்காகத்தான் சம்மதித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லலாமா? எனக்கும் ஆசைதான். நாள் முழுக்கத் தறியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு ரேஸ் கார் ஆசை வரக்கூடாதா என்ன?

என் மனைவி செல்வி மட்டும் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"நாளைக்கு காலையில நம்ம தெருவுக்கு சாமி வருது. அதுக்குள்ள காரு தெருவ விட்டுப் போயிருக்கணும். நடுவுல நின்னு மானத்த வாங்குச்சினா... அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அந்தக் காருலயே குடித்தனம் பண்ணுங்க."

விளையாட்டுப் பேச்சு இல்லை அது. திருவிழா நாளில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா' என்றுகூடக் கேட்பதில்லை. 'இன்னிக்கு என்ன வாகனம்?' என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் சிங்கம், ஒரு நாள் யானை என்று சாமி ஏறி வருவார். அவர் வருகிற வழியில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது.

வேலையை ஆரம்பித்தோம். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றி... அதுவரை சுலபம். பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று சமமாகத் திருகி, ஸ்பிரிங்கை அழுத்தி இறுக்க வேண்டும். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம் — பாவு கோணினால் புடவை கெடும். ஸ்பிரிங் கோணினால் மூக்கு கெடும்!

"அப்பா, மூஞ்சிய தள்ளி வெச்சிக்கபா!" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து யாழினி கத்திக்கொண்டே இருந்தாள். நீங்களும் அப்படியே ஜன்னலுக்கு உள்ளேயே இருங்கள், பசங்களா. அழுத்தி வைத்த ஸ்பிரிங் என்பது கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிற மனுஷன் மாதிரி. பக்கத்தில் போகக் கூடாது.

இருட்டுவதற்குள் முன்பக்கம் இரண்டும் முடிந்தது. பின்பக்கம் ஞாயிறு காலையில். சக்கரத்தை மாட்டிக் காரை இறக்கினோம் பாருங்கள்... அடடா! பாயப் போகிற பூனை மாதிரி பதுங்கி நின்றது.

"தரைய ஒட்டிக்கினு நிக்குது பார் மாமா!" என்று குமரன் செல்ஃபி எடுக்கும்போதே, பின்னால் மேளச் சத்தம் கேட்டது. சாமி தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

டூல்ஸ், பழைய ஸ்பிரிங் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டோம். நான், குமரன், யாழினி மூன்று பேரும் ஏறினோம். தெருவின் கடைசி வரை ராஜா மாதிரி போனேன்.

தெருவின் கடைசியில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்குகள் பறக்கிற தெருவில் உங்களை மாதிரிப் பசங்கள் எப்படி விளையாடுவார்கள் என்று, போன வருஷம் அலையாய் அலைந்து அதைப் போட வைத்தவனே நான்தான். போட்டவர் "போதுமாண்ணே?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா. பைக்குக்காரனுக்குப் பல்லு ஆடணும்" என்றேன். ஏற்றினார். தெருவே என்னைப் பாராட்டியது.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. அப்புறம் அடியிலிருந்து ஒரு சத்தம்.

கர்ர்ர்ர்...

அவ்வளவுதான். அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றுகிறது. குமரன் இறங்கிக் குனிந்து பார்த்தான்.

"மாமா... வயிறு ஒட்டிக்கிச்சி."

எல்லோரும் இறங்கினோம். டிக்கியைக் காலி செய்தோம். நகரவில்லை. ஜாக்கி வைக்கலாம் என்றால், அது நுழைய இடமே இல்லை. அவ்வளவு அழகாக இறக்கியிருந்தோம்!

மேளம் நெருங்கி வந்து, நின்றது. யானை வாகனத்தில் சாமி. அந்தப் பக்கம் தட்டோடு என் மனைவி. இரண்டு பேரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. சாமி முகத்திலாவது சிரிப்பு இருந்தது.

சாமி தூக்குகிறவர்களுக்குத் தலைவர் ஏகாம்பரம் அண்ணன். வாகனத்தின் தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற தாங்குகட்டையில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார்.

"இன்னாபா இது? யாருபா இத இவ்ளோ ஒசரமா போட்டது?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"எங்கப்பாதான் அங்கிள்!" — பெருமையாகச் சொன்னாள் யாழினி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஏகாம்பரம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "சாமிக்கு வழி பண்றதும் நம்ம வேலதான். பாதிப் பேரு அங்கயே நில்லுங்க, மிச்சம் இங்க வாங்க. பாத்துடா, பழக்கத்துல தோள் மேல ஏத்திக்கினு போயிடாதீங்க!"

குனிந்தார்கள். ஒரே மூச்சில் தூக்கினார்கள். பழக்கம் எங்கே போகும்? தூக்கினதும் இடதும் வலதுமாக ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்த நாதஸ்வரக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டு வரி வாசித்தார். தவில்காரரும் சேர்ந்துகொண்டார். எங்கள் கார் ஆடி அசைந்து ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியது.

கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். "இன்னிக்கு இன்னா வாகனம்பா?"

"ஆமை வாகனம்!" என்றது இன்னொரு குரல்.

இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால், வாயைப் பொத்த முடியாமல் செல்வியே சிரித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வீட்டில் சோறு கிடைத்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

ஒன்று யோசித்தேன், பசங்களா. தடை போடும்போதெல்லாம் நாம் அடுத்தவன் வண்டியை நினைத்துத்தான் போடுகிறோம். நம் வண்டியும் ஒரு நாள் அந்த வழியாகத்தான் வரும் என்பது ஞாபகத்துக்கு வருகிறதா?

மறுநாளே பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொல்லிவிட்டேன். "எந்த வேகத்துல எறக்கினோமோ அதே வேகத்துல ஏத்தறோம்" என்று முனகிக்கொண்டே குமரன் மாட்டினான். ஸ்பீடு பிரேக்கர் அப்படியே இருக்கட்டும். தெருவில் பசங்கள் விளையாட வேண்டாமா?

கார் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. நான்தான் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு அங்குலம் பதுங்கியே நடக்கிறேன்.