விமானியின் பெயர்

ஒரு கோடை விடுமுறை முழுக்க கொச்சியில் எங்கள் கொச்சங்காடி வீட்டுச் சுக்குக் கிடங்கு விமானமாக இருந்தது. அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் நான். அப்போதுதான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தேன். அவ்வளவு பெரிய பதவி கிடைத்ததற்கு என் திறமை காரணமில்லை. வீட்டில் வெட்டியாக இருந்தது நான் ஒருத்திதான்.

அப்பாவின் தம்பி ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு காட்டோரத்தில் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் ஏறினால் நிறைந்துவிடும் விமானம். மருந்து, அரிசி, தபால், சில நாள் உயிருள்ள கோழி எல்லாம் அதில் போகும். தாத்தா வெளியாட்களிடம் பேசும்போது "எளைய மகனுக்கு ப்ளேன்ல ஜோலி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கோழி விஷயத்தை எடுக்கமாட்டார்.

சித்தி பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கல்யாணமானதிலிருந்து சித்தப்பாவை விடுமுறைகளில்தான் பார்த்திருக்கிறாள். மற்ற நாட்களில் தாத்தாவுக்குச் சாயா, எனக்குத் தலைவாரல், கைபேசியில் கணவன். அந்த முறைதான் சித்தப்பா அவளைக் கூட்டிப்போவதாக வந்திருந்தார். ஆனால் அதில் ஒரு முட்டுக்கட்டை. அந்த ஊருக்கு மழைக்காலத்தில் சாலை கிடையாது. சித்தப்பா ஓட்டும் விமானத்தில்தான் போகவர வேண்டும். அதில் ஒரே ஒரு விமானி. பறக்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் விமானத்தைக் கையில் எடுத்து, ரேடியோவில் உதவி கேட்டு, அவர்கள் சொல்கிறபடி இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே குடியிருக்கப் போகிற மனைவிமார்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டு கம்பெனிக்காரர்களிடம் பரீட்சை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பரீட்சை கைபேசி வீடியோவில். தோற்றால் அடுத்த விடுமுறையில்தான் மறுபடி. அடுத்த விடுமுறைக்கு இரண்டு வருடம் இருந்தது.

தாத்தாவுக்கு இதில் ஒரு எழவும் பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு ப்ளேன் எறக்கத் தெரிஞ்சாதான் குடும்பம் நடத்த முடியுமோ?" என்றார். ஆனாலும் கிடங்கைத் திறந்துவிட்டார்.

பழைய இரண்டு நாற்காலிகளை மூட்டைகளுக்கு நடுவில் போட்டு, முன்னால் ஒரு சுக்கு மூட்டையில் ஓட்டைச் சைக்கிளின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டினார் சித்தப்பா. வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடுக்களையிலிருந்து ஒரு மரக்கரண்டி போனது. எதிர்ச் சுவரில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு. அதுதான் தொடுவானம். விமானத்தின் மூக்கு அந்தக் கோட்டை விட்டு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூட்டைகளை மேலே இழுப்பதற்காக மச்சுப் பலகையில் ஒரு சதுர ஓட்டை உண்டு. அந்த ஓட்டையின் ஓரத்தில் நான் குப்புறப் படுத்துக்கொள்வேன். எர்ணாகுளத்தில் வாங்கிய பொம்மை வயர்லெஸ் ஒன்று என் கையில், அதன் ஜோடி சித்தியின் கையில். பொத்தானை அழுத்திப் பேசினால்தான் எதிர்ப்பக்கம் கேட்கும். சித்தி அடிக்கடி மறந்துவிடுவாள். "சித்தி, பொத்தான்!" என்று நான் ஓட்டை வழியாகக் கத்துவேன்.

சித்தப்பா பாடத்தை இப்படி வைத்திருந்தார். அவர் திடீரென்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். உடனே அவரைப் பெயர் சொல்லிச் சத்தமாக மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் அவரைப் பின்னால் தள்ளிப் இருக்கைப் பட்டையை இறுக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, மூக்கைக் கோட்டுக்கு நேராக வைத்து, கோபுரத்தைக் கூப்பிட வேண்டும்.

கைப்பிடி, கோடு, மரக்கரண்டி எல்லாம் சித்திக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிட்டன. சிக்கல் முதல் அடியிலேயே இருந்தது. சித்தி சித்தப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். அவளுடைய அம்மா சொன்னதில்லை, எங்கள் அம்மாவும் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட என் தோளைத் தட்டினாள், நான்தான் சொன்னேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் கணக்கு.

"நானே மயங்கிக் கெடக்கேன். அப்பவும் சொல்லமாட்டியா?" என்று சித்தப்பா கேட்டார்.

"மயங்கிக் கெடக்கிற மனுஷனுக்கு இருக்கிற ஆயுசையும் நான் கொறைக்கணுமோ? நல்ல கதை" என்றாள் சித்தி.

எனக்கு அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கோபுரத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறதே. "விமானியின் பெயர் என்ன? ஓவர்" என்று விடாமல் கேட்டேன்.

"உங்க சித்தப்பா."

"பேரு சொல்லுங்க. ஓவர்."

"பழனியில நிக்கிறவரு."

"பழனியில நெறைய பேர் நிக்கிறாங்க. ஓவர்."

"மொட்டையடிச்சு, கோவணம் கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவருடீ!"

மயங்கிக் கிடந்த விமானி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைய விமானம் அதோடு விழுந்தது.

ஒருநாள் சித்தப்பா சாய்ந்து கிடந்த நேரத்தில், மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரச் சேட்டன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். அவருக்கு விமானம் தெரியவில்லை. நாற்காலியில் தலை தொங்கக் கிடக்கும் முதலாளி மகனும், பக்கத்தில் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் மனைவியும்தான் தெரிந்தார்கள். "அய்யோ, சின்ன மொதலாளி!" என்று ஒரு கத்தல். அடுத்த நொடி சித்தப்பா அவர் தோளில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தெருவில் நின்ற கைவண்டியில் கிடத்திய பிறகுதான் சித்தப்பாவால் விளக்கம் சொல்ல முடிந்தது. சேட்டன் முழுதும் கேட்டுவிட்டு, "பைலட்டினு இத்தர கனமோ" என்று, ஒரு பைலட் இவ்வளவு கனமா என்பதுபோலத் தோளைத் தடவிக்கொண்டு போனார். பஜார் முழுக்க அந்தக் கதை ஓடியது. தாத்தா இரண்டு நாள் வெளியே போகவில்லை.

அன்று சாயங்காலம் சித்தி அடுக்களையில் மரவள்ளிக் கப்பைக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கைபேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, சத்தம் குறைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சீரியல் என்று நினைத்தேன். பரீட்சையை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. சித்தப்பா கதவருகே வந்து நின்றதும் அதை அணைத்துவிட்டாள்.

"பாத்தியா, அந்தச் சேட்டன்கூட என்னைச் சின்ன மொதலாளின்னுதான் கூப்பிட்டான்" என்றார் சித்தப்பா. "அப்பாவுக்குச் சின்னவன், அண்ணனுக்குத் தம்பி, இவளுக்குச் சித்தப்பா. அங்க போனா கேப்டன். அம்மா போனதுக்கப்புறம் என் பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டிருக்கா? பாஸ்போர்ட்டுல மட்டும் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சித்தி கப்பையைச் சீவிக்கொண்டே இருந்தாள். அவள் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாள், பரீட்சையில் தோற்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவள் போகாவிட்டால் எனக்குத் தலைவார ஆள் இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவள்மேல் பாவமாகவும் இருந்தது.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கைபேசியை ஒரு மூட்டைமேல் நிறுத்திவைத்தார்கள். திரையில் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர். தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். சேட்டன் வாசலில். நான் மச்சில், பொம்மை வயர்லெஸ்ஸோடு. சித்தி புதுப்புடவை கட்டியிருந்தாள். முதலில் சில கேள்விகள் வந்தன. இதன் பெயர் என்ன, அது எதற்கு, எந்தப் பக்கம் தள்ள வேண்டும். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னாள். தாத்தா ஒன்றும் புரியாமலே தலையாட்டினார்.

"சரி, விமானி மயங்கிவிட்டார். செய்து காட்டுங்கள்" என்றார் தாடிக்காரர்.

சித்தப்பா சாய்ந்தார். சித்தி கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தாத்தா இருமினார். திரையிலிருந்து "மேடம்?" என்று ஒரு குரல் வந்தது. கீழே குனிந்து நானே பெயரைக் கத்திவிடலாமா என்று பார்த்தேன். கோபுரம் அப்படிச் செய்யக் கூடாது.

அப்போது சித்தி சித்தப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் கேட்கிற குரல் அல்ல. தெருவுக்குக் கேட்டிருக்கும். சுருக்கிக் கூப்பிடவில்லை, முழுப் பெயர். பிறகு இரண்டாம் முறை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது குரல் தணிந்து, பக்கத்தில் தூங்குகிற ஒருவரை எழுப்புவதுபோல ஆகிவிட்டது. தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. பட்டை, கைப்பிடி, கோடு. "மேடே, மேடே, மேடே" என்று ஆபத்துக் குரல் கொடுத்தாள், பொத்தானை அழுத்திக்கொண்டு. விமானியின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். நான் "ஓவர்" சொல்ல மறந்துபோனேன்.

மேலிருந்து எனக்கு இரண்டு முகங்களும் தெரிந்தன. மயங்கிக் கிடந்த சித்தப்பாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. சித்தியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அழுகிறார்கள், ஆயுசு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

தாடிக்காரர் கடைசியில் கொஞ்சம் பேசினார். தேறிவிட்டீர்கள், ஆனால் ஆரம்பத்தில் நேரத்தை வீணாக்கினீர்கள், விமானி காத்திருப்பார், விமானம் காத்திருக்காது, முதலில் கைப்பிடியைத்தான் பிடித்திருக்க வேண்டும் என்று சொன்னதாக எனக்குக் கேட்டது. சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பிரமாதம்னு சொல்றாரு" என்று வீட்டுக்கு மொழிபெயர்த்தார். என் ஆங்கிலம்தான் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

இருவரும் அந்த மாதமே கிளம்பினார்கள். தாத்தா வாசல்வரை வந்தார். சித்தியிடம் பேசவில்லை. சித்தப்பாவின் பையில் மட்டும் ஒரு பொட்டலம் சுக்கை வைத்தார்.

போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது, சித்தி பஜார் காற்று வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குத் தலைவாரிவிட்டாள். இன்னொருவர் வாரிவிடும் வயதைத் தாண்டிவிட்டேன்; அவள் கேட்கவில்லை. நானும் ஒரு முறை அங்கே வந்து உங்கள் பக்கத்தில் பறக்க வேண்டும் என்றேன். அதற்கென்ன, பாடம் சொல்லித் தருகிறேன் என்றாள். விமானி சாய்ந்தால் முதலில் கைப்பிடி. மூக்கு கோட்டுக்கு நேர். பிறகு ரேடியோ. மற்றதெல்லாம் அப்புறம்.

"பேரு சொல்லிக் கூப்பிடறது?"

"அது எந்தப் பாடத்துலயும் கெடையாது மோளே. உங்க சித்தப்பாவா சேர்த்துக்கிட்டது."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொதல் வாரமே. கம்பெனிக்காரங்க வீடியோ அனுப்பியிருந்தாங்களே. கப்பை தோல் சீவிக்கிட்டே எல்லாத்தையும் பார்த்தேன்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். தலையைப் பிடித்து நேராக்கினாள்.

"தோத்திருந்தா ரெண்டு வருஷம் இங்கதானே?"

"ஆமா. பேடியாத்தான் இருந்துச்சு, அவ்வளவு பயம். ஆனா ஒரு மனுஷன் தன் பேரைக் கேக்கறதுக்காக அவ்வளவு பெரிய ப்ளேனைக் கிடங்குக்குள்ள கட்டியிருக்காரு. கூப்பிடாம இருக்க முடியுமா? சிரிப்பு வேற. தாடிக்காரரு பாக்கறாரேன்னு அடக்கிக்கிட்டேன்."

பதினோரு வயதில் அழுகை என்று நான் எடுத்துவைத்து, இத்தனை வருடம் அப்படியே வைத்திருந்த அந்தத் தோள் குலுக்கல் சிரிப்பு என்பது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்தும் அவள் சித்தப்பாவை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும்.

"அதுக்கப்புறம் பேரு சொல்லவே இல்லையா?"

"வீட்டுல சொல்லமாட்டேன். மேல ஏறினதும் சொல்லுவேன்."

"டவருக்குக் கேக்காதா?"

சித்தி பின்னலை முடித்து, நுனியில் ரப்பரைச் சுற்றினாள்.

"பொத்தானை அழுத்தினாத்தானே கேக்கும்" என்றாள்.