ஜிபெக்குக்கு வந்த காது

ரௌஷனின் மகள் ஜிபெக்குக்கு வயது நாலு. வாய்க்கு மட்டும் நாற்பது என்று ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தராஸ் ஊரில் அந்த பஸ்ஸுக்கு ரௌஷன்தான் கண்டக்டர். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆளில்லாததால், ஒரு குளிர்காலம் முழுக்க அவளைத் தன் இருக்கையிலேயே உட்கார வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

அந்தப் பெண் சும்மாவா உட்கார்ந்தாள்? ஏறுகிற ஒவ்வொருவரையும் விசாரித்தாள். நரித்தோல் தொப்பி போட்டு வந்த பெரியவரிடம், அந்த நரிக்குப் பிள்ளைகள் இருந்ததா, இருந்தால் இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவளுடைய அப்பா தல்காத் குறட்டை விடுவது, அம்மா குளிர்பெட்டியை மிதித்துக் கிளப்புவது எல்லாம் ஊருக்கே தெரியும். டிரைவர் ஹமீத் சிரித்துச் சிரித்து ஒரு நிறுத்தத்தையே தவறவிட்டிருக்கிறார்.

பணிமனை அதிகாரிக்குத்தான் அது பொறுக்கவில்லை. இன்னொரு முறை பஸ்ஸில் பிள்ளையைப் பார்த்தால் வேலை இருக்காது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் ரௌஷன் தன் ஓரகத்தி ஷோல்பானிடம் போய் நின்றாள். தல்காத்தின் அண்ணன் கைரத்தின் மனைவி அவள். பஸ் போகிற வழியிலேயே இருக்கிற பாலர் பள்ளிக்குத் தலைமை. காத்திருந்த அத்தனை பேரையும் தாண்டி ஜிபெக்குக்கு இடம் கொடுத்தாள். கொடுத்தவள், பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லியும் காட்டினாள்.

வசந்த விழா ஒத்திகைக்குப் பெற்றோர் எல்லோரும் வந்திருந்த நாளில் வந்தது வினை. பாட்டுப் பாட முன்னால் நிறுத்தப்பட்ட ஜிபெக் பாடவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற ஷோல்பான் பக்கம் திரும்பி, "பெரியம்மா, எங்க சூப்புல உருளைக்கிழங்கு மட்டுந்தான் இருக்கு. கறி ஏன் உங்க பையில போவுது?" என்று கேட்டாள். நீலக் கட்டம் போட்ட பை, ஜிப் பிய்ந்து போய்ச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும் என்று அடையாளமும் சொன்னாள். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை.

பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டது, இனி ஒரு தடவை வாயைத் திறந்தால் அழைத்துக்கொண்டு போய்விடு என்று அன்று மாலையே ஷோல்பான் கண்டித்துச் சொல்லிவிட்டாள். குடிகாரர்களைக் கழுத்தைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்குகிற ரௌஷன், ஓரகத்தி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இடம் போனால் வேலை போகும், வேறென்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் வைத்து, "நீ பேசினா அம்மாவுக்கு வேலை போயிடும் கண்ணு. பேசாம இரு" என்றாள்.

ஜிபெக் பேசாமல் இருந்தாள். பள்ளியில் மட்டும் இல்லை, வீட்டிலும் பேசவில்லை. காலையில் பூட்ஸ் போட்டுவிடும்போது முப்பது கேள்வி கேட்கிறவள், மூன்று நாளாகக் காலை மட்டும் நீட்டினாள். ரொட்டி வேண்டுமா என்றால் தலையாட்டினாள். எவ்வளவு சமத்தாகிவிட்டாள் என்று ஷோல்பான் மெச்சிக்கொண்டாள். இந்தச் சமத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட! வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. செய்தது தான்தான் என்று ரௌஷனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கைரத் வீட்டில் விருந்து. உள்ளே நுழைந்ததும் ஜிபெக் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தாள். நீலக் கட்டம், சிவப்பு ரிப்பன். அவள் வாய் திறந்தது. திறந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ரௌஷனும் பையைப் பார்த்தாள். பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம். நிஜம் சொன்ன பிள்ளையின் வாயைத்தான் தாயே அடைத்திருக்கிறாள்.

வேகவைத்த ஆட்டுத்தலை வந்தது. அந்தக் குடும்பத்தில் அதை மூத்த விருந்தாளி முன்னால்தான் வைப்பார்கள். அன்று வைத்தது கைரத்தின் மாமா, பெரியவர் ஒமிர்ஜாக் முன்னால். அவர் கத்தியால் அறுத்து யாருக்கு எது என்று கொடுப்பார். காது சிறுபிள்ளைகளுக்கு. தின்றால் சொன்னபடி கேட்கும் என்பார்கள். நாக்கைப் பெண்பிள்ளைகள் பக்கமே காட்டமாட்டார்கள், வாய் நீளுமாம். கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். இது வேண்டாம் அது கொடு என்று யாரும் கேட்டதில்லை. அதிலும் வீட்டு மருமகள் தேநீர் ஊற்றுகிற இடத்திலிருந்து வாயைத் திறப்பதே இல்லை.

பெரியவர் காதை அறுத்தார். "இந்தக் குட்டிக்கே குடுங்க மாமா. இப்பத்தான் கேக்கப் பழகியிருக்கா" என்றார் கைரத். எல்லோரும் சிரித்தார்கள். தல்காத்தும் சிரித்துவைத்தான். ஜிபெக் காதை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, தின்னலாமா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

ரௌஷன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து மகள் கையிலிருந்த காதை எடுத்துத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"இவளுக்கு ரெண்டு காது ஏற்கெனவே இருக்கு அத்தான். நல்லாவே கேக்குது. நாக்கைக் குடுக்கச் சொல்லுங்க."

தல்காத் அவள் பாவாடை விளிம்பு அகப்படுமா என்பதுபோல் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டான். என்ன பழக்கம் இது, இது யார் வீடு என்று நினைத்தாய் என்று கைரத் கேட்டார். அதற்கும் ரௌஷன் அசையவில்லை. பெரியவர் கையில் கத்தி அப்படியே நின்றது. அவள் பெரியவருக்கு முன்னால் கையேந்தினாள். அவர் தராவிட்டால் அவளே எடுத்துக்கொள்வாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பெரியவர் ஒரு துண்டு நாக்கை அறுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா ஊட்டியதை ஜிபெக் மென்று விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்று நாளில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"இப்ப பேசலாமாம்மா?"

"பேசு கண்ணு."

"வேலை போயிடாதா?"

"போனாப் போவுது. நீ பேசு."

பிள்ளை விறுவிறுவென்று போய்ச் சுவரில் மாட்டியிருந்த பையை இழுத்துக்கொண்டு வந்து விருந்தின் நடுவில் போட்டாள். "பெரியம்மா, இதுதானே அந்தப் பை? இன்னிக்கு நாம தின்னது எங்க கறியா?"

ஷோல்பான் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. நாளையிலிருந்து இவள் என் பள்ளிக்கு வரவே வேண்டாம் என்றாள்.

"வரமாட்டா அக்கா. ஆனா பிள்ளை ஒண்ணு கேட்டுட்டு நிக்கிறா. பதில் சொல்லிட்டுப் போங்க" என்றாள் ரௌஷன்.

ஷோல்பான் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். ரௌஷன் மகளுக்குப் பூட்ஸ் போட்டாள். தல்காத் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தான். பிறகு அவனும் எழுந்து வந்து மனைவியின் கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் இருக்கையில் ஜிபெக் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். பிள்ளையைப் பார்த்ததும் நோட்டை எடுத்தார். தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு ரௌஷன் அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்தாள்.

"பாலர் பள்ளி! எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க!" என்று கூவினாள் ஜிபெக். பிறகு, இறங்கப்போன தாய்மார்களிடம், உள்ளே போனால் சூப்பில் கறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் படியிலேயே நின்றார்கள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பரிசோதகர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கறி? மொதல்ல இருந்து சொல்லு" என்றாள் ஒருத்தி.

ஜிபெக் இருக்கையின் மேல் ஏறி நின்றாள். ரௌஷன் டிரைவர் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தியே வைக்கச் சொன்னாள்.