ஒட்டடை இல்லை, குடியிருப்பு

சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வகுப்பு வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. 'நம்ம பாண்டிமீனா இறந்துட்டா. விடியக்காலைல. டெங்கு.' அனுப்பியவன் என் பெஞ்சுக்காரன் முத்துக்குமார். ஒரு கையில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு மறு கையால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைத் தட்டி அனுப்பினேன்.

காரணம் இருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி என் சாவுச் செய்தியை நானே அந்தக் குழுவில் போட்டிருந்தேன். 'அழகர்சாமி காலமானார். அடக்கம் மாலை நான்கு மணி, டிபன் உண்டு.' அதற்குக் கீழே பாண்டிமீனா, 'இருடா, இதை ஒரு நாள் உனக்குத் திருப்பித் தாரேன்' என்று எழுதியிருந்தாள். திருப்பித் தந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் ஆகியும் வேறு யாரும் சிரிக்கவில்லை. அழித்தேன். அவள் இறந்த செய்திக்கு நேர் கீழே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி இன்றும் நிற்கிறது. என்ன செய்தி நீக்கப்பட்டது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லவில்லை. என்னிடம் மைக்கைக் கொடுக்க நானே யோசிப்பேன், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மைக் கிடைத்தவர்கள் பேசியதைக் கேட்ட பிறகு, நம் வகுப்புக் கையெழுத்து இதழில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. படிக்கிற நீங்கள் எல்லாரும் அவளோடு உட்கார்ந்து படித்தவர்கள். நான் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

'பொறுமையின் சிகரம்' என்றார்கள். யார், பாண்டிமீனாவா? இயற்பியல் லேபில், தட்டினால் ரீங்கரிக்கும் இசைக்கவையால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே வரல. உள்ள காலி" என்று அறிவித்தவள் அவள். சமோசாவில் பாதி கேட்டால் முழுசையும் வாயில் போட்டுக்கொண்டு முறைப்பவள். அவள் பொறுமையாக நின்று நான் பார்த்தது ஒரே இடத்தில்தான்: சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், கம்பிவேலிக்குள் புகுந்து வளர்ந்த கருவேல முள்ளுக்கு முன்னால்.

அந்த முள்ளில் தொங்கிய அழுக்குப் பஞ்சு உருண்டையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காய்ந்த இலை, தூசி, பூச்சி இறக்கை எல்லாம் ஒட்டிக்கொண்டு, தலையணை கிழிந்து மழையில் நனைந்தது மாதிரி இருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான சிலந்திகள் ஒன்றாகக் குடியிருந்தன. சிலந்தி என்றால் தனிக்கட்டை, இன்னொரு சிலந்தியைப் பார்த்தால் சாப்பிட்டுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவை கூட்டுச்சிலந்திகள். ஒரே வலை, ஒரே கூடு, ஒரே சாப்பாடு.

ஒருநாள் மத்தியானம், "சார், அதிர்வு பத்திப் படிக்கப் போறோம்" என்று சொல்லி லேபிலிருந்து அந்த இசைக்கவையை வாங்கி வந்தாள். அதை முழங்காலில் தட்டி, வலையின் ஓரத்து இழையில் மெதுவாகத் தொட்டாள். கூட்டிலிருந்து பத்துப் பதினைந்து சிலந்திகள் திமுதிமுவென ஓடிவந்தன. பூச்சி சிக்கி இறக்கை அடிக்கிறது என்று நினைப்பு. வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போயின. இரண்டாவது தடவை தட்டினாள். நாலைந்து வந்தன. மூன்றாவது தடவை ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தியாடா அழகு. ரெண்டு தடவதான் ஏமாந்துச்சு. நம்ம வகுப்புல அம்புட்டுப் பேரும் ஆறு வருசமா உன்கிட்ட ஏமாந்துக்கிட்டு இருக்காய்ங்க."

"அப்ப சிலந்திய எல்லாம் ப்ளஸ் டூவுல சேத்துக்கிட்டு, நம்ம பயலுகள முள்ளுல தொங்க விட்ருவோமா?"

"நீ மட்டும் தொங்கு. போதும்."

நான் அவளை விடாமல் சீண்டினேன். சிலந்தி என்றால் 'சில தந்தி', அதனால்தான் இழையைத் தட்டினால் தகவல் போகிறது என்றேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "போடா, வெட்டிப்பயலே" என்றாள். பிறகு அதை நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் 'அறிவியல் இல்லை' என்று குறிப்பு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் கோடு போட்டு இரண்டு பத்தி வைத்திருந்தாள். இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'கேட்டது'. அவள் தன் கண்ணால் கண்டது மட்டும்தான் இடது பக்கம் போகும். புத்தகத்தில் படித்தது, டீச்சர் சொன்னது, நான் சொன்னது எல்லாம் வலது பக்கம். வலது பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கே அடித்துவிட்டு இடது பக்கம் மாற்றுவாள். ஒரு வெட்டுக்கிளியை எட்டுச் சிலந்திகள் சேர்ந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அப்படித்தான் இடம் மாறியது. அதற்காக உச்சிவெயிலில் ஒரு வாரம் நின்றாள்.

வலது பக்கத்தில் நெடுநாளாக ஒரு விஷயம் காத்துக்கிடந்தது. முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்குத் தாய்ச்சிலந்தி, தான் தின்றதைக் கரைத்து வாயோடு வாய் வைத்து ஊட்டும். முட்டையே போடாத மற்றச் சிலந்திகளும் அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஊட்ட ஒன்றும் இல்லாமல் போகும்போது, குஞ்சுகள் அவற்றையே தின்றுவிடும்.

"அப்ப அம்மா சமையல் இல்ல, அம்மாவே சமையல்" என்றேன். ரெக்கார்டு நோட்டால் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"தாயின் தியாகம்னு தலைப்புப் போடு மீனா, பரிசு தருவாய்ங்க."

"தியாகம்னு எழுதுனா அங்கேயே நிறுத்திருவாய்ங்கடா. எதனால அப்படி நடக்குதுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவள் அதைச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த மூன்றாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் காய்ச்சலோடு வகுப்புக்கு வந்தாள். பெஞ்சில் தலை கவிழ்த்துக் கிடந்தவளைப் பார்த்து, "டெஸ்ட் முடியட்டும், அப்புறம் லீவு எடுத்துக்கம்மா" என்று சார் சொன்னபோது நாம் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். நானும் இருந்தேன். நான் ஏதோ ஜோக் அடித்தேன் என்று நினைக்கிறேன். ஐந்தாம் நாள் அவளை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "டேய், முட்டைப்பை வெடிக்கிற நேரம்டா. சாயங்காலம் கூட்டு வாய்க்கிட்ட டார்ச் அடிச்சுப் பாரு. குஞ்சு வெளிய வந்துருச்சா, ஊட்டுதான்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வேணாம்."

நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுக்கும்போது தூரத்திலிருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். 'குஞ்சு வந்துருச்சு, மொத்தம் நாப்பத்தி ரெண்டு, ஒண்ணு உன்ன மாதிரியே முறைக்குது' என்று எழுதி அனுப்பினேன்.

இன்னொன்றும் செய்தேன். கூட்டுக்குப் பக்கத்தில் அவள் ஓர் அட்டையைக் கட்டியிருந்தாள், நினைவிருக்கும். 'இது ஒட்டடை இல்லை, குடியிருப்பு. அடிக்க வேண்டாம். பாண்டிமீனா.' அதைக் கழற்றி என் பைக்குள் வைத்துவிட்டு, 'வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்' என்று நான் எழுதிய அட்டையை மாட்டிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். படுத்திருப்பவள் சிரிக்கட்டும் என்றுதான். பதில் உடனே வந்தது. 'பழைய போர்டை மாட்டு. இன்னிக்கே.' நான், 'மாட்டியாச்சு' என்று அனுப்பினேன்.

மாட்டவில்லை. நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லாரும் அவள் வீட்டுக்குப் போனோமே, கிளம்பும்போது அவள் அம்மா என்னை மட்டும் நிறுத்தினார். தினமும் விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பூ எடுத்து வந்து கட்டி விற்கிற கை. அன்று அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

"தம்பி, நீதான அழகு? ஆஸ்பத்திரியிலயும் இந்த நோட்டத்தான் வச்சிருந்தா. உன் பேருதான் நெறைய இருக்கு. நீயே வச்சுக்கப்பா."

வாடிப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இடது பத்தி காலியாக இருந்தது. வலது பத்தியில், எழுத்து கீழே சரிந்து சரிந்து போக, இப்படி இருந்தது.

'குஞ்சு 42. அழகு சொன்னது. எண்ணியிருக்க மாட்டான். போய்ப் பார்க்கணும்.'

அதற்குக் கீழே கடைசி வரி: 'போர்டு மாட்டியாச்சு. அழகு சொன்னது. போய்ப் பார்க்கணும்.'

திங்கட்கிழமை விடிந்ததுமே சைக்கிளில் அவளுடைய அட்டையோடு பள்ளிக்குப் போனேன். அப்படியும் பிந்திவிட்டேன். வேலி மொட்டையாக நின்றது. கருவேலம் இருந்த இடத்தில், கம்பியில் கட்டிய ஃப்ளெக்ஸ் பளபளத்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் பாண்டிமீனா. அவளைச் சுற்றி, அவளை ஒரு நாளும் பார்த்திராத ஒன்பது பெரிய மனிதர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள், அவர்கள் முகம் அவள் முகத்தைவிடப் பெரிதாக. பள்ளியில் ஒரு விசேஷம் என்றால் முதல் வேலை ஒட்டடை அடிப்பது. சாவு விசேஷத்துக்கும் அடித்துவிட்டார்கள். கூட்டம் போடுவதற்காகக் கூட்டைக் கலைத்துவிட்டார்கள்.

பள்ளி உதவியாளர் ராசு அண்ணன் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். கத்தினேன். "ஏண்ணே, அது அவளோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்பவே அந்தப் புள்ள போர்டப் பாத்துட்டு நான் தொடலயே. நேத்து ஹெச்.எம். வந்து பாத்தாரு. 'வீடு வாடகைக்கு'ன்னு என்னமோ தொங்குச்சு. எழவு நாள்ல எவன்டா கேலி பண்றதுன்னு சாமியாடிட்டாரு. அம்புட்டையும் வெட்டுன்னு சொல்லிட்டாரு. நான் என்னப்பா செய்ய? அந்தப் புள்ள போர்டு இருந்திருந்தா அதைக் காட்டியாவது கேட்டிருப்பேன்."

என் கையிலிருந்த அட்டையை அவர் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அரிவாளைக் கழுவத் திரும்பிக்கொண்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில்தான் சொன்னார்கள், நீங்களும் கேட்டீர்கள்: "கடும் காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காத அர்ப்பணிப்பு! மாணவச் செல்வங்களுக்கு அவள் ஒரு முன்னுதாரணம்!" நாம் கை தட்டினோம். ஆமாம், இரங்கல் கூட்டத்தில் கை தட்டினோம், பழக்கதோஷம். காய்ச்சலில் கிடந்தவளை வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைத்தவர்கள், உட்கார்ந்ததற்காக அவளைப் பாராட்டினார்கள். அர்ப்பணிப்பு என்று ஒரு சொல்லைப் போட்டாயிற்று, இனி யாரும் எதனால் என்று கேட்க மாட்டார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்துகொண்டு, 'சார், அவளுக்கு முடியல, அனுப்பிருங்க' என்று சொல்லாத நாற்பது பேரும் தலை குனிந்து நின்றோம். நாற்பது பேரும் ஒரே வகுப்பு, ஒரே மணி, ஒரே சாப்பாட்டு நேரம். இழை ஆடியது, ஒருவரும் ஓடிவரவில்லை. சிலந்திகளை ஏமாற்றியது போல அவள் நம்மை ஒரு தடவைகூட ஏமாற்றியிருக்கவும் இல்லை.

எனக்கு அவர்கள் எல்லார் மேலும் கோபம். தலைமையாசிரியர் மேல், அந்த ஒன்பது மூஞ்சிகள் மேல், கொசு மேல், உங்கள் மேல். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு 'மாட்டியாச்சு' என்று எழுதியவன் மேல் உள்ளதற்கு ஈடாகவில்லை.

கூட்டம் முடிந்ததும் பள்ளிக்குப் பின்னால் ஓடினேன். வெட்டிய முள்ளைக் குவித்து வைத்திருந்தார்கள், மத்தியானம் கொளுத்துவதற்கு. கையெல்லாம் கிழிய உருவி, கூடு இருந்த கிளையை எடுத்தேன். பாதி நசுங்கியிருந்தது. கிழிந்த பக்கம் வழியாக, வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு தாய்ச்சிலந்தி. அதன் வாயைச் சுற்றி, கடுகில் பாதிகூட இல்லாத குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. வீடு இடிந்து, ஊரே குப்பைமேட்டில் கிடக்கும்போதும் அது ஊட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் ஊட்டியது. அவள் ஒரு வருடம் பார்க்கக் காத்திருந்ததை நான் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல போனைக்கூட எடுத்துவிட்டேன்.

முத்துக்குமார் மூச்சிரைக்க வந்து நின்றான். "மாப்ள, கடிச்சிரும்டா."

"கடிக்கட்டும். அந்தச் சட்டையக் கழட்டு."

அவன் ஏன் என்று கேட்காமல் கழற்றினான். அதில் கிளையைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளில் டபுள்ஸ் வைத்து, கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மரத்தில் சணல் கயிற்றால் கட்டினோம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது நடுவில் கோடு போட்ட இந்த நோட்டு. 'குஞ்சு 42' என்ற என் பொய்யை நான் அடிக்கவில்லை. அது வலது பக்கத்திலேயே கிடக்கட்டும். இடது பக்கத்தில் என் எழுத்தில் இதுவரை மூன்று வரி சேர்ந்திருக்கிறது.

'திங்கள். தாய் ஊட்டியது. முட்டை போட்டதா போடாததா என்று தெரியாத இன்னொன்றும் ஊட்டியது.'

'புதன். நசுங்கிய பக்கத்தில் புது இழை, ஒரு சாண். குஞ்சு எண்ண முடியவில்லை, ஓடுகின்றன.'

'வியாழன். போர்டு மாட்டியாச்சு.'

அவளுடைய பழைய அட்டைதான். கண்மாய்க் கரையில் மடையிலிருந்து மூன்றாவது கருவேலம். என் பேச்சை நீங்கள் யாரும் நம்ப வேண்டாம். போய்ப் பாருங்கள்.