போத்தலைத் தேடிய நாலு நாள்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாள், கிழமை, மருந்துப் பெயர் எல்லாம் மறந்துபோகிறது. ஆனால் வாடை... அது மட்டும் மறக்காது.

போன மாதம் என் வீட்டுக்காரர் வாயில் ஒரு வாடை வந்தது.

கிள்ளானில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். அப்போது குடிப்பார். ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நிறுத்தினார். எட்டு வருஷம் ஆகிறது.

நிறுத்தினாரா? எட்டு வருஷமாக இதே கேள்விதான் எனக்கு. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு அவர் திரும்பியதும், சட்டையை வாங்குகிற சாக்கில் கிட்டப் போய் மோந்து பார்ப்பேன்.

அந்த வாரம் அவருக்குச் சளி, இருமல், லேசான காய்ச்சல். ஊரே இருமுகிறது, இதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? பிறகு பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தார். எழுந்தால் நாக்கு குழறியது. கை நடுங்கியது. கிட்டப் போனேன் — இனிப்பும் ஊத்தையும் கலந்த மாதிரி ஒரு வாடை.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நாலு நாள் தேடினேன். மோட்டார் சைக்கிள் கூடை, அரிசி டின், பழைய பூட்ஸ், சாமி மேடைக்குப் பின்னால்கூட. சாராயப் போத்தல் இல்லை. கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறார்!

அவருடைய பழைய லோரி கூட்டாளி முனியாண்டிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அவருக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"ஐயோ தங்கச்சி, வெறும் தே ஓ தான் லா! பாலும் இல்ல, சீனியும் இல்ல. நேத்து அவன் கடைக்கே வரலையே?"

வரவில்லையா? கடைக்கென்று கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தானே வீட்டுக்கு வந்தார்! அப்படியென்றால்... வேறு இடம் பிடித்துவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் நின்று, டிவி ரிமோட்டை இரும்புக் கேட்டுக்கு நேராக நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல வெக்கமா இல்லீங்களா?" என்று கத்தினேன்.

"பஸ்ஸு இன்னும் வரல?" என்றார் என்னைப் பார்த்து.

கோபத்தில் அன்று மத்தியானம் நான் அவரைச் சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் செந்தூலில் இருந்து மகள் வந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பா கண்ணு மஞ்சளா கெடக்கு. நீங்க பாக்கலையா?"

வாயை மோந்தேன். கண்ணைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், தமிழ்ப் பெண். அவரை இரண்டு கையையும் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி நீட்டச் சொன்னாள். கை படபடவென்று அடித்துக்கொண்டது. "குடிச்சிருக்காரும்மா" என்று நான் மெல்லச் சொன்னேன்.

"ரத்தத்துல பாத்தாச்சு ஆன்டி. ஒரு சொட்டு இல்ல." உட்கார வைத்து விளக்கினாள். "சளிக்கிருமிதான். நமக்கு நாலு நாள் இருமல், போயிடும். இவரு ஈரல் ஏற்கெனவே பாதி வேலைதான் செய்யுது. காய்ச்சல் வந்து, சாப்பாடும் கொறஞ்சா அதால தாங்க முடியாது. கழிவ சுத்தம் பண்ணாது. அது மூளைக்கு ஏறிடும். தூக்கம், ஒளறல், நடுக்கம், அந்த வாடை எல்லாமே அதான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா..."

அட்டையில் எதையோ குறித்துக்கொண்டே கேட்டாள்:

"வீட்டுல மொதல்ல யாருக்குச் சளி?"

மகள்தான் என்னைக் கை காட்டினாள். பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுக்கப் போய், தும்மலோடு வந்தவள் நான்தான். கிளினிக்கில் அவருக்கு ஃபுளூ ஊசி போடச் சொன்னபோது, எதற்கெடுத்தாலும் ஊசியா, இதில் என்ன வியாபாரமோ என்று தடுத்தவளும் நான்தான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன்... என் மூக்கை விட்டுவிட்டேன்.

அந்தக் கழிவு இறங்க, வயிறு கழிய ஒரு இனிப்பு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தெளிந்தார். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு."

முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனுஷன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாள்: "ஆன்டி, அந்த வாடை திரும்ப வருதான்னு தெனம் மோந்து பாருங்க. வந்தா ஒடனே கூட்டிட்டு வாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! இவளுக்கு லைசென்ஸே குடுத்துட்டீங்களா?"

காய்ச்சலுக்கு எத்தனை மாத்திரைக்கு மேல் கூடாது, ஃபுளூ ஊசி வருஷத்துக்கு ஒன்றா... இதெல்லாம் அவள் சொன்னாள், எனக்கு நினைவில்லை. டாக்டர் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

வாடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.