லாம்புப் பலகையில் ஒட்டிய சோகிகள்

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை பகுதியார் பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வீட்டைப் பார்க்கக் கட்டாயம் வருவார்கள். ஐம்பதுகளின் நடுவில் எனக்கென்று வாப்பா கட்டிய வீட்டையும் பார்க்க வந்தார்கள். அவர்கள் மருதமுனையில் தறி வைத்திருந்தவர்கள். நாங்கள் சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கும் குடும்பம்.

புதுச் சுவர் மொட்டையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. லாம்பு வைக்கச் சுவரில் மாட்டியிருந்த பலகையையாவது சோடிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன். பெரிய பிள்ளையான பிறகு கடற்கரைக்குப் போக எனக்கு ஏது அனுமதி? வாப்பாதான் வலையில் வந்த, சோகி என்று நாங்கள் சொல்லும் சோழியையும் சின்னச் சங்கையும் சாரன் முந்தியில் முடிந்துகொண்டு வருவார். கரையில் காய்ந்து கிடப்பவை வெளிறிப்போயிருக்கும். வலையில் வருபவைதான் மினுங்கும்.

"மண்ணுக்குள்ள தாட்டு வை மகள். உள்ள இருக்கிறத்த எறும்பு திண்டு முடியட்டும்," என்றார்.

அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது. சுடுதண்ணீரில் போட்டெடுத்து, தோணிக்குப் பூசும் கீலை உருக்கி, அவர்கள் வருவதற்கு முதல்நாள் பலகையைச் சுற்றி ஒட்டிவிட்டேன். அழகென்றால் அப்படியோர் அழகு.

மாப்பிள்ளையின் வாப்பாவும் மாமாவும் அந்தப் பலகைக்கு நேர் கீழே பாயில் உட்கார்ந்தார்கள். நானும் உம்மாவும் அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. மாமா லேஞ்சியால் மூக்கைத் துடைப்பதுபோலப் பொத்திக்கொண்டார்.

"மீன் ஏதும் கிடக்குதோ?" என்று கேட்டார்.

வாப்பா அன்று விடியவே சோப்புப் போட்டுக் குளித்து, அத்தர் பூசி, வெள்ளைச் சாரன் உடுத்திருந்தார். காலமெல்லாம் மீனோடு கிடந்த மூக்கு; எது எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியவில்லை. தன் கையை முகர்ந்து பார்த்தார்.

"நான்தான் போல. கோவிச்சுக்காதீங்க. எவ்வளவு குளிச்சாலும் போகுதில்ல," என்று சொல்லிவிட்டு, பாயை விட்டு எழுந்து வாசற்படியில் போய்க் குந்தினார். தான் கட்டிய வீட்டின் வாசற்படியில்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உம்மா பிடித்த கையை உதறி, முக்காட்டை இழுத்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்தேன். பலகையைக் கழற்றினேன்.

"நாறுறது இதுதான். வாப்பா இல்ல. நான்தான் ஒட்டின," என்றேன்.

கலியாணம் பேசும் பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வந்து நின்று கதைப்பதா? மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் வாப்பா வெற்றிலைத் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. பலகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். குடும்ப மானத்தைக் கப்பலேற்றியாயிற்று. அவர்கள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள்.

சம்பந்தம் முறியவில்லை. பிற்காலத்தில் என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் ஒருநாளும் சேர்ந்து சிரித்ததில்லை. அன்று அவர்கள் போன பிறகும் வாப்பா படியை விட்டு எழும்பவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நீ ஏன் மகள் வெளியால வந்த? என்ட நாத்தமெண்டே இருந்திருக்கலாமே."