கோரைப்பல்லும் சுண்டெலியும்

பல் கட்டும் பட்டறையில் அவளை எல்லாரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்கிற அக்கா என்று தொடங்கியது, வாய்ச் சோம்பலில் தேய்ந்து பல்லக்காவானது. கடைசியில் "பல்லக்கு வந்தாச்சா?" என்று முதலாளியே கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பல்லக்கில் ஏறக் கொடுத்து வைக்கவில்லை, பல்லக்காகவாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்பாள்.

மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, செட்டு முடித்துக் கொடுப்பது அவள் வேலை. எத்தனையோ வாய்களுக்குப் பல் கொடுத்தவள், அதில் ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. அச்சைக் கையில் வைத்துக்கொண்டே யோசிப்பாள். இந்த ஆள் இடப்பக்கமாகவே மென்றிருக்கிறாரே, ஏன்? இந்தம்மா பல்லை இப்படித் தேயத் தேயக் கடித்திருக்கிறாளே, யார் மேல் கோபம்? பக்கத்தில் மெருகு போடும் பெண், ஊர்வம்பு உனக்கெதற்கு என்று சிரிப்பாள். வம்பில்லை, தெரிந்துகொள்ளும் ஆசை என்பாள் பல்லக்கா. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சுவர் அவ்வளவு கனமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த ஆசைதான் அவளை விளையாட்டுக் கருவியையும் எடுக்க வைத்தது. மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனபோது, இரண்டு கைக்குள் அடங்கும் அந்தக் கருவியை அலமாரியில் விட்டுப் போயிருந்தாள். கூப்பிட்ட குரலுக்குக்கூடத் தலை நிமிராமல் வருஷக்கணக்கில் இதில் என்னத்தைப் பார்த்தாள் இந்தப் பெண் என்று ஒருநாள் தட்டிப் பார்த்தாள். ஒரு மலையடிவாரம் வந்தது. பனி அரக்கன் விழித்துக்கொண்டான், ஆளைத் தேர்ந்தெடு என்றது. வாள்காரி, வில்காரன், கவசக்காரன், மருந்துக்காரி என்று நாலு பேர் வரிசையில் நின்றார்கள். வாள்காரியை எடுத்து, கோரைப்பல் என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சோற்றை நாலு வாயில் முடித்துவிட்டு, பட்டறையின் பின்னறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த விளையாட்டில் தனியாளாக ஒன்றும் நடக்காது. ஒருவர் கல்லை மிதித்துக்கொண்டு நின்றால்தான் இன்னொருவருக்குக் கதவு திறக்கும். ஒருவர் விழுந்தால் மற்றவர்தான் தூக்கிவிட வேண்டும். கூட ஆளில்லாதவர்களுக்குக் கருவியே ஒரு பொம்மைத் துணையைக் கொடுக்கும். பல்லக்காவுக்கு வாய்த்த பொம்மை பாதி நேரம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அவள் கணவரின் பட்டப்பெயரையே வைத்துவிட்டாள்.

ஒருநாள் திரையில் எழுத்து ஓடியது: 'அருகில் ஒரு வீரர் இருக்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?' கீழே பெயர், சுண்டெலி. மருந்துக்காரி.

சேர்த்துக்கொண்டாள். அப்புறம்தான் துணை என்றால் என்னவென்று தெரிந்தது. கோரைப்பல் கண்ணை மூடிக்கொண்டு ஓநாய்க் கூட்டத்துக்குள் பாய்வாள். சுண்டெலி நாலடி பின்னால் வந்து, காயம் பட்ட இடத்திலெல்லாம் மருந்தைத் தெளித்துக்கொண்டே இருப்பாள். கல்லை மிதித்து நின்றால், கோரைப்பல் புதையல் பொறுக்கி முடித்துத் திரும்பி வரும்வரை அசையமாட்டாள். பேச வழியில்லை. கையசைக்கலாம், குதிக்கலாம், குனிந்து வணங்கலாம், தலையாட்டலாம். அவ்வளவுதான்.

இந்த ஆள் யார்? பல்லக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கருவிகள் இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் என்று மகள் போனில் சொன்னாள். அம்மா விளையாடுகிறாள் என்பதையே நம்ப முடியாமல், அவளும் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். கட்டடத்திலோ முப்பது கடை. கீழே இருந்த கண்ணாடிக் கடைப் பையனைப் பார்த்து, நீதானே சுண்டெலி என்று கேட்டாள். தன் மூக்கைச் சொல்கிறாள் என்று நினைத்து, அவன் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போகப் போக இன்னொரு விசித்திரம் தெரிந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் சுண்டெலிக்கு என்னவோ ஆகிவிடும். மருந்துப் பையை மறந்து முன்னால் ஓடுவாள், கதவு திறந்ததும் கோரைப்பல்லை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்விடுவாள், முதல் ஓநாயிடமே கடிபட்டு விழுவாள். தூக்கிவிட்டால் வணங்குவதில்லை, தலையை வேறு ஆட்டுவாள். வாரமெல்லாம் பொறுமையின் சிகரம், சனிக்கிழமையானால் சனி பிடித்த மாதிரி. சனிக்கிழமை சாராயமோ என்று மெருகுப் பெண் கேட்டாள். மருந்துக்காரிக்கே மருந்து தேவைப்படுகிறதோ என்று பல்லக்காவுக்குக் கவலை வந்துவிட்டது.

திரையின் மூலையில் மூன்று கோடுகள் உண்டு. அருகில் போகப் போக அவை கூடும். ஒரு சனிக்கிழமை கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள், கோடு குறைந்தது. பின்னறைக்கு வந்தாள், கூடியது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள், மூன்றும் நிறைந்தது. எதிரே ஒரு சந்து இடைவெளியில் பின்தெரு வீட்டின் ஜன்னல், நீலத் திரைச்சீலை. ஆள் இந்தக் கட்டடத்திலேயே இல்லை.

தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். முதலில் தட்டிய கதவு மின்விசிறி பழுது பார்ப்பவருடையது. விசிறி எங்கே என்று கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள். திறந்தது கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். நடந்து வரும்போதே தெரு அமைதியாகிவிடும் என்று பெயர் எடுத்தவர். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

பல்லக்கா தன் கருவியைத் தூக்கிக் காட்டினாள். "நீங்கதான் சுண்டெலியா?"

டீச்சர் முகத்தில் ரத்தம் ஏறியது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அறையில் நீலத் திரைச்சீலைக்குப் பக்கத்துக் கட்டிலில், தொடைவரை மாவுக்கட்டுப் போட்ட ஓர் ஆள் சாய்ந்திருந்தார். டீச்சரின் தம்பி, லாரி ஓட்டுபவர், கால் முறிந்து அக்கா வீட்டில் கிடக்கிறார் என்று தெரிந்தது.

"ஒண்ணுமில்லைங்க, நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் பல்லக்கா. "வியாழக்கிழமை தொங்குபாலத்துல நான் விழ விழ எழுப்பி விட்டீங்களே. வேற யாராயிருந்தாலும் விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"வியாழக்கிழமையா? நான் ஸ்கூல்ல இருந்தேனே."

கட்டிலில் இருந்தவர் போர்வையை மெல்ல இழுத்து மோவாய் வரை மூடிக்கொண்டார்.

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். "நான் பீரோவுல வச்சுட்டுப் போறதை எடுத்தியா நீ?"

"பொழுது போகலைக்கா."

"என் ஆளு வாராவாரம் பெரிசாயிட்டே போறா. செடி மாதிரி தானா வளருதுன்னு நெனச்சிட்டிருந்தேன்டா."

பல்லக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். தெரிந்துகொள்ள வந்தவளாயிற்றே, அதையும் கேட்டாள்: இவ்வளவு பெரிய லாரி ஓட்டுகிறவர், மருந்துப் பையோடு பின்னால் வர எப்படிப் பிடித்தது?

அவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்பவும் நான்தாங்க முன்னால உக்காந்து வழி பாக்கறது. யாராச்சும் முன்னாடி போகட்டும், நான் பின்னால வரேன்னு இருந்துச்சு."

அதற்குமேல் அங்கே நிற்பது முறையில்லை என்று கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்தும் சுண்டெலி வரவில்லை. டீச்சர் கருவியைப் பள்ளிக்கே கொண்டுபோகிறார் போலும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே என்று பல்லக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். பொம்மைத் துணை சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக்குள் நடந்தது வேறு என்று பின்னால் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு நாள் டீச்சர் வாய் திறக்கவில்லை. அதொன்றும் புதிதில்லை. தம்பி வந்து படுத்த நாளிலிருந்தே சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதைத் தாண்டி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அவர் வீட்டைவிட்டு லாரி ஓட்டப் போன காலத்து மனத்தாங்கல் அது. மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, திட்டப்போகிறார் என்று தம்பி காத்திருக்க, "அந்தப் பாலத்துல எப்படிடா சாகாம போனே?" என்று கேட்டிருக்கிறார். விளக்குப் போடக்கூட மறந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். சுண்டெலி என்று அக்காவுக்குச் சின்ன வயதில் பெயர் வைத்ததே அவர்தானாம்.

சனிக்கிழமை டீச்சரே ஜன்னலைத் திறந்து, சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல்லக்காவைக் கூப்பிட்டார். போனபோது தம்பியின் மடியில் இன்னொரு கருவி இருந்தது. பழசு, ஒரு பொத்தான் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு மேலே வராது. அவரும் மருந்துக்காரியைத்தான் எடுப்பார் என்று பல்லக்கா நினைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு வில்காரனை எடுத்தார். பின்னால் நிற்கிற ஆள்தான், ஆனால் இனிமேல் கொஞ்சம் அடிக்கவும் வேண்டும் என்றார்.

புது ஆள் என்பதால் வில்காரனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஓநாய் வேண்டாம், தவளை தொட்டாலே விழுந்தான். அரக்கனின் வாசல்வரை போயிருந்த இரண்டு பெண்களும் அவனுக்காக மலையடிவாரத்துக்கே திரும்பி வந்தார்கள். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்க, கோரைப்பல் வழக்கம்போல முன்னால் பாய்ந்தாள். முதல் கதவு வந்தது. டீச்சர் கல்லை மிதித்து நின்றார். வில்காரனோ வழியில் பூப் பறித்துக்கொண்டிருந்தான்.

பல்லக்கா ஓரக்கண்ணால் டீச்சரின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது துடித்தது, ஆனால் நகரவில்லை.

"பறிச்சுட்டே வா" என்றார் டீச்சர். "நான் நிக்கறேன்."