கடித்து வைத்த வடை

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவதை ஏன் திடீரென்று நிறுத்தினோம் என்று பாப்பா போன வாரம் போனில் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். உங்களை இதில் பாப்பா, தம்பி என்றே எழுதுகிறேன். அன்றைக்கு உங்களில் ஒருத்திக்கு ஒன்பது வயது, ஒருவனுக்கு ஆறு வயது. உங்களுக்கு அது சரியாக ஞாபகம் இருக்காது.

நான் எட்டாவதோடு நின்று ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனவன். உங்கள் பெரியப்பா படித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியார் ஆனவர். அதனால் அவர் செய்வது எதுவானாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் அவரிடமிருந்து ஆள் மூலம் சேதி வரும். மார்கழி மாதம், கோயிலில் திருவிழா, ஊர்ப்பட்ட சொந்தக்காரர்கள் அவர் வீட்டில்தான் தங்குவார்கள். நானும் மில்லில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். கூட்டிக்கொண்டு போவேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். சமையலுக்கு ஆள் கொண்டுபோய் விட்டேன் என்பதுதான் உண்மை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். முதல் பந்தியில் ஆண்கள். பிறகு பிள்ளைகள். எல்லாரும் எழுந்த பிறகு பொம்பளைகள். அதிலும் கட்டிக்கொண்டவள் தனி இலை போட்டுக்கொள்ளக் கூடாது. புருஷன் சாப்பிட்டுவிட்டுப் போன இலையில்தான் உட்கார வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் பாசம் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

உங்கள் பெரியப்பா சாப்பிட்ட இலையை நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறேன். முருங்கைக்காயை மென்று சக்கையைக் குவியலாகத் துப்பி வைப்பார். மோரைப் புறங்கையில் வழியவிட்டு நக்குவார். கடைசியில் சொம்புத் தண்ணீரை இலையிலேயே ஊற்றிக் கையைக் கழுவி, வாயையும் அதிலேயே கொப்பளித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நகம் பார்க்கிற வாத்தியார் அவர். பெரியம்மா வந்து இலையை லேசாகச் சாய்த்து, அந்தத் தண்ணீரை ஓரமாக வடித்துவிட்டு, சக்கையை ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு குனிந்து சாப்பிடும். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. அன்றைக்குக் குமட்டவில்லை.

உங்கள் அம்மாவுக்கு முதல் தடவையே குமட்டிவிட்டது. எண்பத்து இரண்டில் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் லீவு. வத்திராயிருப்பில் அவள் வீட்டில் சாப்பிட ஆளுக்கு ஒரு வட்டில். அவரவர் வட்டிலை அவரவர் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். அப்படி வளர்ந்தவளை என் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் பெரியம்மா பெரியப்பா இலையில். இரண்டு வாய் வைத்தாள். எழுந்து கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

வீடு முழுக்கச் சந்தோஷம்!

"ஏட்டி, குளிச்சு எத்தன நாளாச்சு?" என்று பெரியம்மா ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டது. யாரோ வாயில் சீனியைப் போட்டார்கள். பெரியப்பா என் முதுகில் தட்டி, "ஏலே, கெட்டிக்காரன்ல நீ" என்றார். நானும் இளித்தேன். அவள் சீனியைத் துப்பவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் தெரியாமல், துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாளில் அது பிள்ளை இல்லை என்று தெரிந்ததும், "வயித்துக்கு ஆகாதத தின்னுருப்பா" என்று முடித்துவிட்டார்கள். என்ன தின்றாள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நான் கெட்டவன் இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்ல நாக்கூசுகிறது. பொம்பளைகள் பந்திக்கு வரும்போது நல்லது எதுவும் மிஞ்சாது. வடை தீர்ந்திருக்கும், பாயசம் அடியில்தான் இருக்கும். அதனால் என் வடையில் பாதியைக் கடித்து, மீதிப் பாதியை இலை ஓரத்தில் அவளுக்கென்று வைத்துவிட்டு எழுந்திருப்பேன். முழு வடையை வைத்தால், பெண்டாட்டிக்கு ஒளித்து வைக்கிறான் என்று கேலி பேசுவார்கள். கடித்து வைத்தால் மிச்சம். அப்படி ஒரு தந்திரம். அவள் அதைச் சாப்பிட்டாளா என்று திரும்பி வந்து பார்ப்பேன். சாப்பிட்டிருப்பாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பதினோரு வருஷம் இப்படி.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியும் லீவுக்குள் வந்தது. கிளம்புகிற அன்று உங்கள் அம்மா பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, பாப்பா வளந்துட்டா. அங்க இனிமே அவளையும் பொம்பளப் பிள்ளைன்னுதான் பாப்பாங்க. நான் எச்சி எலையில ஒக்காந்துட்டேன். எம்மவ ஒக்காரக் கூடாது. யாராச்சும் சொன்னா நீங்கதான் தடுக்கணும். வேற எதுவும் நான் கேக்கல."

"சரிம்மா, சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். நான் சொன்ன 'சரி' அவளுக்கா பஸ்ஸுக்கா என்று எனக்கே தெரியாது.

ஏகாதசி அன்று பொம்பளைகள் பச்சைத் தண்ணீரோடு விரதம். மறுநாள் துவாதசி. காலையிலேயே சமைத்துச் சாப்பிட்டு விரதம் முடிக்க வேண்டும். உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் மூன்று மணிக்கு எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி, அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, உளுந்த வடை, பாயசம் என்று இருபது பேருக்குச் சமைத்தார்கள். விரதம் இருந்தது அவர்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தது நாங்கள். முந்தின நாள் மூன்று தோசை தின்ற நான், விரதம் முடிக்கிறவன் மாதிரி அகத்திக்கீரையை வாங்கி வாயில் போட்டேன்.

தம்பி ஆம்பளைப் பிள்ளை என்பதால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாப்பா நிலைப்படியில் நின்றாள். முதல் பந்தி முடிகிற நேரம், பெரியம்மா அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, "எலை தீந்து போச்சு. கூட்டம் வந்ததுல கடையிலயும் இல்லையாம்" என்றது.

பெரியப்பா சிரித்துக்கொண்டே பாப்பாவைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, ஆசையாகத்தான் கூப்பிட்டார். "அதுக்கென்ன, வீட்டுப் பிள்ளைதான? இங்க வா தாயி. தம்பி எலையில ஒக்காரு. பழகிக்கிடணும்ல."

உங்கள் அம்மா சாதக் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் பார்த்தது எனக்குத் தெரியும். நிமிரவில்லை.

தம்பி எழுந்தான். எழுந்தவன் மறுபடி குனிந்து, வடையை எடுத்து ஒரு கடி கடித்தான். எச்சில் நூலாக வடையிலிருந்து அவன் உதட்டுக்கு நீண்டு அறுந்தது. மீதியை இலை ஓரத்தில், சரியாக நான் வைக்கிற அதே ஓரத்தில் வைத்தான். "அக்கா, இது ஒனக்கு" என்றான். எச்சில் நூலாக வடையிலிருந்து அவன் உதட்டுக்கு நீண்டு அறுந்தது. பாப்பா ஓடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நானும் அம்மா மாதிரி சாப்பிடப் போறேன்" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வடையை எடுத்தாள்.

பந்தியில் ஒரே சிரிப்பு. "பாத்தியால, ஒம்மகன் ஒன்னைய மாதிரியே வாரான்" என்றார் பெரியப்பா.

உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பாப்பா கையிலிருந்து வடையைப் பிடுங்கினாள். அதை இலையில் போட்டு, இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

"எம்மவ எச்சி எலையில திங்க மாட்டா."

உங்கள் அம்மாவிடம் நேரே பேசுகிற வழக்கம் பெரியப்பாவுக்குக் கிடையாது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏலே, ஒம் பொண்டாட்டி என்ன சொல்லுதா? கூடப்பொறந்தவன் எச்சியா? அப்ப இம்புட்டு வருசம் இவ தின்னது என்னவாம்?"

"அதத்தான் சொல்லுதேன்" என்றாள் உங்கள் அம்மா.

"ஏட்டி, வாய மூடு. பெரியவிய முன்னால என்ன பேச்சு" என்று பெரியம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் மொதல்ல வாந்திதான் எடுத்தேன். பொறவு பழகிருச்சுல்ல" என்றது. அது எனக்கும் கேட்டது.

"சொல்லேம்ல, ஒனக்கு நாக்கு இல்லையா?" என்று பெரியப்பா மறுபடி கேட்டார்.

அப்போதாவது நான் பேசியிருக்கலாம். பிள்ளைகளே, நான் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "விடுங்கண்ணே, விரதம் இருந்த பசியில பேசுதா" என்றேன்.

அவள் சுருட்டிய இலையைக் கொல்லைக் குழியில் போட்டுக் கையைக் கழுவினாள். உங்கள் துணிகளைப் பையில் திணித்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். முதல் நாள் விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். நான் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். "கூட்டிட்டுப் போ. இனி பொம்பளையா இருந்தா மட்டும் கூட்டிட்டு வா" என்ற பெரியப்பாவின் குரல் தெருமுனை வரை வந்தது.

பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரரிடம் சீப்பிலிருந்து பழங்கள் பிய்த்து வாங்கினாள். உங்களுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றை உரித்து, நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கடியையும் நிதானமாக மென்றாள்.

"உரிச்சாத்தான் வெளிய வருது. ஒருத்தர் வாயும் கையும் படல" என்றாள், பழத்தைப் பார்த்து. துவாதசிக்கு அவள் விரதம் முடித்தது அப்படித்தான்.

பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் தூங்கிவிட்டீர்கள். ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"லீவு, லீவுங்கீங்க. யாருக்குங்க லீவு? பிள்ளைகளுக்கு லீவு, ஒங்க அண்ணனுக்கு லீவு, மில்லுல நீங்க லீவு போடுதீங்க. நான் இங்க அடுப்ப அணைச்சிட்டு அங்க போயி பத்த வைக்கேன். அதக்கூடச் செஞ்சிரலாம். எம்புட்டுப் பேருக்குனாலும் பொங்கிப் போடுவேன். நம்ம வளவுல குடியிருக்கிற, மாதா கோயிலுக்குப் போற அந்த டீச்சர் வீட்ட ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கிப் பாத்தேன். புருசன், பொண்டாட்டி, பிள்ளைக, நாலு பேரும் வட்டமா ஒக்காந்து சாப்பிட்டாங்க. ஒண்ணும் பெரிய பணக்காரங்க இல்ல. நம்மள மாதிரிதான். அன்னைக்கி ஊருக்குப் போக பஸ் ஏறும்போது எனக்கு அழுகையா வந்துச்சு."

நான் என் பெருமையை விடவில்லை. "அண்ணன் பண்ணுதது தப்புதான். நான் அப்படி இல்லையே. ஒனக்குன்னு ஒவ்வொரு தடவையும் எடுத்து வச்சேன்ல?" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "அதுதாங்க எனக்குப் பெரிய தண்டனை. நீங்களும் கையைக் கழுவி ஊத்தியிருந்தா, இந்தாளும் இப்படித்தான்னு வெறுத்துட்டுப் போயிருப்பேன். நீங்க ஆசையா வச்சீங்க. தின்னுட்டேனான்னு வேற வந்து பாப்பீங்க. பல்லுத்தடம் பதிஞ்ச அந்த வடைய கண்ண மூடிட்டு முழுங்குவேன். நான் முழுங்கிக்கிட்டே போனதால இன்னைக்கி எம்மகனும் அதையே செய்தான். எம்மவ சிரிச்சுக்கிட்டே எடுத்தா." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதையும் பசியில பேசுதான்னுட்டீங்க."

ராஜபாளையத்தில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் மதியம். எனக்கு இன்னும் லீவு இருந்தது. மார்க்கெட்டில் போய் இலைக்கட்டு வாங்கி வந்தேன். நாலு இலை போட்டேன். உங்கள் அம்மா உட்கார மாட்டேன் என்றாள். சட்டியை எல்லாம் நடுவில் கொண்டுவந்து வைத்து, "எடுத்துப் போட்டுக்கிடலாம், ஒக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில் இரண்டு தடவை பழக்க தோஷத்தில் எழப் பார்த்தாள். நானும் அப்பளத்தில் பாதியைக் கடித்துவிட்டு, கை தானாக இலை ஓரத்துக்குப் போனது. தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், "எலை அப்படியே கெடக்கட்டும்" என்று அவள் எழுந்தாள். நான் விடவில்லை. குனிந்து என் இலையை எடுத்தேன். முப்பத்தைந்து வயதில் முதல் தடவை. இலை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மென்று துப்பிய கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, மோரில் ஊறிய பருக்கை. மோர் வழிந்து முழங்கை வரை ஓடியது. என் வாயிலிருந்து வந்ததுதான் எல்லாம். கொல்லைக்குப் போவதற்குள் இலையைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன்.

உங்கள் அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். தலையைப் பிடித்துக்கொள்ள வரவில்லை. சிரிக்கவும் இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டு, "கழுவிட்டு வாங்க, இன்னும் மூணு எலை கெடக்கு" என்றாள்.

கழுவிவிட்டுப் போய் மூன்றையும் எடுத்தேன்.